ஃபேனுக்குக் கீழே ஒரு சூனியக்காரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்லபாக்கத்தில் ஆட்டோ கிடைக்காது. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்குகிற கூட்டம் அத்தனையும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. பெருங்களத்தூரிலிருந்து வருகிறார்கள், சேலையூரிலிருந்து வருகிறார்கள். பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து, தங்கள் அரியர் பேப்பருக்கு யார் சூனியம் வைத்தது என்று கேட்டுப் போகிறார்கள். படிக்காததுதான் காரணம் என்று வீட்டிலேயே இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். இலவசமாகச் சொல்வதை எவன் கேட்கிறான்?

கூட்டம் போகிற இடத்துக்குப் பெயர் வெண்வஸ்திர ஜெபக் கூடம். ஏரியை ஒட்டிய தகரக் கொட்டகை. வாசலில் கிடக்கிற செருப்பை விட உள்ளே சட்டதிட்டங்கள் அதிகம். நகை கூடாது. பூ கூடாது. டிவி கூடாது. தலைக்கு டை அடிக்கக் கூடாது. பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி ஊதக் கூடாது. சிரித்தால் பல் தெரியக் கூடாது என்று மட்டும் இன்னும் சட்டம் வரவில்லை. வந்தாலும் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சேலை கட்டி, முக்காட்டைத் தாடை வரை இழுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைச் சேலையும் கூடத்துக் கவுன்ட்டரில்தான் வாங்க வேண்டும். கடைத்தெருவில் விற்கிற வெள்ளை, பரிசுத்தத்தில் ஒரு மாற்றுக் குறைவாம்.

இத்தனை பரிசுத்தமான இடத்தில் சூனியக்காரிகள் எப்படிப் பெருகினார்கள் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்கள்தான் சூனியக்காரிகள்.

கூடத்தின் தீர்க்கதரிசி சுவிசேஷமுத்து. ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். டம்ளரில் தண்ணீர் பிடிக்கச் சொல்வார். அதில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுப்பார். தண்ணீர் பழுப்பாகி நுரைத்ததும், "இதையா மேடம் புள்ளைங்களுக்குக் குடுக்கறீங்க?" என்று கண் கலங்குவார். பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே அவருக்கு ஊரின் மூளை எவ்வளவு ஆழம் என்று புரிந்துவிட்டது. தண்ணீரில் அழுக்கு காட்டியவர், பிறகு பெண்களிடம் காட்ட ஆரம்பித்தார்.

இப்போது கம்பிக்குப் பதிலாக ஞானஜோதி. அவருடைய அக்கா மகள், ஒடிசலான பெண். ஆவிகளைப் பகுத்தறியும் வரம் பெற்றவள் என்று அறிவித்திருந்தார். இசை ஏறும். ஞானஜோதி நடுங்குவாள். கண்ணை மூடிக்கொண்டே பெண்கள் பக்கம் நடந்து வந்து ஒருத்தி முன்னால் நிற்பாள். "எரியுது! எரியுது!" என்று அலறி விழுவாள். உடனே அந்தப் பெண் ஞானஜோதியின் தலையில் கை வைக்க வேண்டும். வைத்ததும் நடுக்கம் நின்றுவிடும். ஏவிவிட்டவளே ஆவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், ஆகவே அவள் சூனியக்காரி. கை வைக்க மாட்டேன் என்றால்? ஆவியைத் திரும்ப வாங்க மறுக்கிறாள், ஆகவே அவள் சூனியக்காரி.

செய்ததாக ஒப்புக்கொண்டு அழுதால் மன்னிப்பும், அதற்கேற்ற காணிக்கையும் உண்டு. செய்யவில்லை என்று சாதித்தால் குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள். செய்தேன் என்பவளுக்குச் சபையில் இடம், செய்யவில்லை என்பவளுக்குத் தெரு. உலகத்தில் வேறெந்தக் கோர்ட்டிலும் இப்படியொரு வசதி இல்லை.

வீட்டுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் கேட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். 'சோதிக்கப்பட்ட வீடு' என்று மினுமினுக்கும் எழுத்து. வண்டிக்குப் புகைச் சான்றிதழ் மாதிரி வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் வாங்கினார்கள். பக்கத்துத் தெருவில் நாலு வீட்டு வாடகை வாங்குகிற முனியம்மா, வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கும் எலுமிச்சை மிளகாய்க்கும் நடுவில் அதை ஒட்டி வைத்திருந்தாள். "நம்ம சாமி ஒண்ணும் கோச்சுக்காது. எந்தப் பக்கம்லேர்ந்து வந்தாலும் அடைச்சு வெச்சிக்கினேன்" என்று பெருமையாகச் சொல்வாள்.

சிட்லபாக்கத்தின் முதல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட கேட் ஜெபராஜுடையது. அவர்தான் கூடத்தின் செயலாளர். மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் போல்ட்டைத் தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போடுகிறவர். கம்பெனியில் அவர் எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டார். கூடத்துக்கு வரும்போது மட்டும் அந்தக் குணத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிடுவார். செயலாளர் ஆன அன்று அவரையும் ஞானஜோதி முன்னால் நிறுத்தினார்கள். "வெளிச்சம்... வெளிச்சம்..." என்று அவள் புன்னகைத்தாள். "நம்ம ஜெபராஜ் பிரதர் சுத்தப் பொன்!" என்று சுவிசேஷமுத்து மைக்கில் முழங்கினார். அன்று இரவு ஜெபராஜ் சாப்பிடவே இல்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது.

அவருடைய மனைவி ஈவ்லின் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். பெண்கள் கூடுகையில் எழுந்து, "ஸ்டிக்கர் ஏன் ஒரு வருஷம்தான் செல்லும்? பரிசுத்தத்துக்கு எக்ஸ்பயரி டேட் உண்டா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே ஞானஜோதி நேராக வந்து அவள் முன்னால் விழுந்தாள். கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிரந்தர நாற்காலி உண்டு. செயலாளர் மனைவி என்பதால் ஈவ்லினுக்குப் பெண்கள் பக்கத்து ஒரே ஃபேனுக்கு நேர் கீழே இடம். அந்த நாற்காலி மேல் பலருக்குக் கண். ஆகவே அவள் சூனியக்காரி என்றதும் சிலருக்கு அதிர்ச்சியை விட நிம்மதிதான் அதிகம்.

ஈவ்லின் தொட மறுத்துவிட்டாள். "முதல்ல எழுந்து தண்ணி குடும்மா" என்று ஞானஜோதியிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அந்த வாரம் கேக்குக்குச் சொன்னவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். முட்டையில்லாத கேக் கேட்டவர்கள் கூட வேண்டாம் என்றார்கள். முட்டை இல்லாவிட்டால் என்ன, மந்திரம் இருக்கும் அல்லவா?

புதன்கிழமை மாலை சுவிசேஷமுத்துவே வீட்டுக்கு வந்தார். கூடவே பொருளாளர் மனைவி சாராள். ஈவ்லின் காபி கொண்டு வந்து வைத்தாள். இருவரும் டம்ளரைப் பார்த்தார்களே தவிரத் தொடவில்லை.

"சர்க்கரை மட்டும்தாங்க போட்டிருக்கேன்" என்றாள் ஈவ்லின்.

சாராள் ஆரம்பித்தாள். "நீ வந்துட்டுப் போன அன்னிக்குத்தான் எங்க மிக்ஸி புகைஞ்சு போச்சு. ஏன்?"

"அக்கா, முழு மஞ்சளை அப்படியே போட்டு ஓட்டினீங்க. புகையும்னு நான்தான் சொன்னேனே."

"கேட்டீங்களா ஐயா! முன்னாடியே இவளுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"போன மழைக்குத் தெரு பூரா ஏரித் தண்ணி உள்ள வந்துச்சு. இந்த வீட்டுல மட்டும் படி ஏறலையாமே?" என்றார் சுவிசேஷமுத்து.

"தரையை ஒசத்திக் கட்டினோம்."

"எங்க யாருக்கும் தோணாதது உனக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?" என்றாள் சாராள். இதற்குப் பதில் ஈவ்லினிடம் இருந்தது. வந்திருப்பவர்கள் விருந்தாளிகளாயிற்றே என்று விழுங்கிவிட்டாள்.

சுவிசேஷமுத்து குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், ராத்திரியில உங்க உருவம் வந்து ஞானஜோதி நெஞ்சு மேல உக்காருது. பொண்ணு மூச்சு விட முடியாம தவிக்குறா."

"ராத்திரி நான் இங்கதான் படுத்திருந்தேன். இவரே சாட்சி. சொல்லுங்க."

மூன்று பேரும் ஜெபராஜைப் பார்த்தார்கள். ஜெபராஜ் காலண்டரைப் பார்த்தார். "இங்கதான் இருந்தா" என்பது ஒரு சின்ன வாக்கியம். அது தொண்டை வரை வந்தது. வந்த இடத்தில் சபை நின்றது, செயலாளர் பதவி நின்றது, மைக்கில் முழங்கிய சுத்தப் பொன் நின்றது. "உடம்பு இங்க இருந்திருக்கும்..." என்று இழுத்தார்.

"உருவம் போயிருக்கும். பார்த்தீங்களா, புருஷனே சொல்றாரு" என்று சுவிசேஷமுத்து எழுந்தார். "வர்ற ஞாயிறு வந்து உங்க இடத்துல உக்காருங்க சிஸ்டர். ஞானஜோதி வருவா. தொடுங்க, ஒத்துக்கங்க, எல்லாம் சரியாயிடும். இல்லேன்னா பிரதர், திங்கக்கிழமை இவங்களை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. சூனியத்தோட குடும்பம் நடத்துறவருக்குச் சபையில இடமில்ல. வீடு உங்க பேர்லதானே இருக்கு?"

அவர்கள் போனதும் ஈவ்லின் ஆறின காபியைத் தொட்டியில் ஊற்றினாள். காலி டம்ளரை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கோபத்தினாலா அழுகையினாலா என்று ஜெபராஜுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"ஒத்துக்கிட்டாதான் என்ன ஈவ்லின்? பேருக்கு ரெண்டு வார்த்தை. அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடும்."

"நல்ல பீஸை ரிஜெக்ட்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னா போடுவீங்களா? பேருக்கு?"

"அது வேற விஷயம்."

"எப்படிங்க வேற? நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது போல்ட்டை விட மட்டமா?"

பதில் இல்லாத மனிதர்கள் செய்வதைத்தான் ஜெபராஜும் செய்தார், ஜெபத்துக்கு உட்கார்ந்தார். உள்ளூர ஒரு கள்ள யோசனையும் இருந்தது. சூனியக்காரிக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தடுமாறாமல் சொல்ல வராது என்று சுவிசேஷமுத்து ஒருமுறை பிரசங்கித்திருந்தார். சேர்ந்து சொல்வோம் என்று மனைவியைக் கூப்பிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு தொடங்கினார். ஈவ்லின் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள். அவளையே கவனித்துக்கொண்டிருந்த ஜெபராஜ்தான் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டார்.

ஈவ்லின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எதற்காக இந்தத் திடீர் ஜெபம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னையே டெஸ்ட் பண்ணீங்களா?"

தலை குனிந்தார்.

"பண்ணுங்க. தப்பில்ல. ஆனா ஒழுங்காப் பண்ணுங்க. உங்க கம்பெனியில ஒரு ஆளைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே, அது என்ன கதை? ஒரே சப்ளையர் சரக்கை மட்டும் ரிஜெக்ட் பண்ணிக்கிட்டே இருந்தானே?"

அது ஜெபராஜின் வீரக் கதை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். புதிதாக வந்த ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு சப்ளையரின் போல்ட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கழித்துக்கொண்டிருந்தான். ஜெபராஜ் ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் ட்ரேயை மாற்றி வைத்தார். அந்தச் சப்ளையரின் ட்ரேயில், முந்தின நாள் அவனே பாஸ் போட்ட நல்ல போல்ட்டுகள். அவன் வழக்கம்போல அந்த ட்ரே முழுவதையும் கழித்தான். பார்த்தது போல்ட்டை அல்ல, ட்ரேயைத்தான் என்று வெட்டவெளிச்சமாகிவிட்டது.

கதையைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"ட்ரேயை மாத்துங்க" என்றாள் ஈவ்லின்.

"உன் இடத்துல வேற யாரையாவது உக்கார வெக்கணும்ங்கறியா? யாரு வருவா? அந்த நாற்காலியைத் தாண்டிப் போகவே பயப்படுறாங்க."

"முன்னாடியே பாஸ் ஆன பீஸா இருக்கணும். ஐயாவே மைக்கில 'சுத்தப் பொன்'னு சொன்ன பீஸ்." ஈவ்லின் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "நம்ம ரெண்டு பேரும் ஒரே உயரம்தாங்க."

ஞாயிறு காலையில் ஜெபராஜ் வெள்ளைச் சேலையில் நின்றார். ஈவ்லின் வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மீசையை எடுக்கணுமா?"

"எதுக்கு? முக்காடு தாடை வரைக்கும் வருதே. ஐயாவே போட்ட சட்டம்."

"யாராவது கண்டுபிடிச்சிட்டா?"

"என்னையே யாரும் பார்த்ததில்லைங்க இத்தனை நாளா. உங்களை எங்க பார்க்கப்போறாங்க?"

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை, மனைவியை மட்டும் அனுப்பி வைக்கிறேன் என்று கூடத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தெருவில் இறங்கி, ஈவ்லின் தன் முக்காட்டை இழுத்துவிடுவதற்குள் எதிரே முனியம்மா. ஸ்டிக்கர் புதுப்பிக்கக் கிளம்பியிருந்தாள்.

"இன்னா ஈவ்லினு, ஊர்லேர்ந்து அக்கா வந்துகீதா?"

"ஆமா முனியம்மா, பெரியக்கா."

"நல்லா கீறியாக்கா?" என்று அவர் கையைப் பிடித்தவள், பிடித்த கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "பாவம், வேலை செஞ்சு செஞ்சு கை இன்னா மாதிரி ஆயிக்கீது பாரு."

கூடத்தில் ஈவ்லின் கடைசி வரிசையில், வெளியூர்ப் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்துகொண்டாள். ஜெபராஜ் தனியாக நடந்து ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே சுற்றிலும் நாற்காலிகள் தரையில் தேய்கிற சத்தம். பக்கத்திலிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒருத்தி குழந்தையின் முகத்தை மூடினாள். பின்னாலிருந்து யாரோ "தூ" என்றார்கள். குரலை வைத்தே ஆளைத் தெரிந்தது. போன கிறிஸ்துமஸுக்கு ஈவ்லினிடம் கேக் வாங்கி, ருசியாக இருந்தது என்று இன்னொரு கிலோ கேட்டவள்.

முக்காட்டுக்குள் ஜெபராஜுக்கு மூச்சு முட்டியது. துணியினால் இல்லை, வெட்கத்தினால். இதே நாற்காலியில் போன வாரம் அவள் உட்கார்ந்திருந்தபோது அவர் மேடையில் மைக்கைத் திருகிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவிசேஷமுத்து மேடை ஏறினார். "இன்னைக்கு நம்ம செயலாளர் பிரதர் வேலைக்குப் போயிட்டார். ஆனா மனைவியை அனுப்பி வெச்சிருக்கார். பெத்த மகனையே பலி கொடுக்கத் துணிஞ்ச ஆபிரகாம் மாதிரி!" என்றார். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டியது. மனைவியைப் பலி கொடுப்பதற்கு இத்தனை கைதட்டல் கிடைக்கும் என்றால் ஊரில் பாதிப் பேர் ஆபிரகாம் ஆகிவிடுவார்கள்.

கீபோர்டு உறுமியது. ஞானஜோதி நடுங்கத் தொடங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, இன்று வாசல் பக்கமிருந்து, கடைசி வரிசை வழியாகவே வந்தாள். நாற்காலிக் காலில் தட்டித் தடுமாறி, விழாமலிருக்கப் பக்கத்திலிருந்த ஒரு தோளைப் பிடித்துக்கொண்டாள். அது ஈவ்லினின் தோள். ஒன்றும் எரியவில்லை. சுதாரித்துக்கொண்டு நேராக ஃபேனை நோக்கி நடந்தாள்.

வெள்ளைச் சேலைக்குள் இருந்த ஜெபராஜ் முன்னால் வந்து நின்றாள். "எரியுது! எரியுது! நெஞ்சு மேல உக்காந்தவ இவதான்!" என்று அலறித் தரையில் விழுந்து துடித்தாள்.

"தொடு!" என்று சுவிசேஷமுத்து கத்தினார்.

ஜெபராஜ் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். துடிப்பு பட்டென்று நின்றது.

கூட்டம் எழுந்து நின்று அலறியது. சுவிசேஷமுத்து மேடையிலிருந்து குதித்து வந்து அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தார். "பாருங்க ஜனங்களே! இந்தக் கையைப் பாருங்க! இது ஒரு பொம்பளையோட கையா? பிசாசோட கை! முக்காட்டை எடு! மூஞ்சியைக் காட்டு!"

எடுத்தார்.

கீபோர்டுகூட நின்றுவிட்டது. வெள்ளைச் சேலைக்கு மேலே கத்தரித்த மீசையும் மூக்குக் கண்ணாடியுமாகக் கூடத்தின் செயலாளர் நின்றார்.

முனியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயே! அக்காவுக்கு மீசை கீது!"

ஜெபராஜ் சுவிசேஷமுத்துவின் கையிலிருந்த மைக்கை வாங்கினார். எத்தனையோ ஞாயிறு அதைச் சரிபண்ணிக் கொடுத்தவர், இன்றுதான் அதில் பேசுகிறார். "ஐயா, நான் செயலாளர் ஆனப்போ இதே ஞானஜோதி என்னைப் பார்த்து வெளிச்சம்னு சொன்னா. நீங்க சுத்தப் பொன்னுன்னீங்க. இன்னைக்கு நான் பிசாசு. ஒரே பீஸ். அன்னைக்கு பாஸ், இன்னைக்கு ரிஜெக்ட். மாறினது சேலையும் நாற்காலியும்தான். எங்க கம்பெனியில இப்படி நடந்தா பீஸை யாரும் குறை சொல்ல மாட்டோம். அளக்கிற கேஜ்தான் கோளாறுன்னு தூக்கிப் போட்டுடுவோம்."

சுவிசேஷமுத்து சும்மா விடுகிற ஆளா? எத்தனை வீட்டில் எத்தனை டம்ளரைப் பழுப்பாக்கியவர்! "ஜனங்களே, ஏமாறாதீங்க! ஆவி பெண்டாட்டிகிட்டேயிருந்து புருஷன் மேல தாவிடுச்சு!" என்றார். கூட்டத்தில் பாதித் தலை உடனே ஆமாம் என்று ஆடியது. ஆடிப் பழகின தலைகள், பாவம், சட்டென்று நிற்கத் தெரியாது.

"தாவிடுச்சா? சரி, வெச்சுக்குவோம்" என்றார் ஜெபராஜ். "ஈவ்லினும் இந்தக் கூடத்துலதான் இருக்கா. இங்க வர்ற வழியில ஞானஜோதி அவளைத் தாண்டித்தான் வந்தா. அப்ப எரியலை. இப்ப யாரும் முக்காட்டை எடுக்காதீங்க. ஞானஜோதியை அவளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. கண்ணைத் திறந்துகிட்டே தேடட்டும்."

"தேவனைச் சோதிக்கிறியா?"

"அவரை இல்லீங்க. உங்களைத்தான்."

சுவிசேஷமுத்து பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து "தேடட்டும், தேடட்டும்" என்று குரல் வந்துவிட்டது. வேடிக்கை என்று வந்தபின் கூட்டத்துக்கு எந்தப் பக்கத்து வேடிக்கையானாலும் சரிதான். ஞானஜோதி எழுந்து சுற்றிலும் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை, வெள்ளை, முக்காடு, முக்காடு. ஐயா போட்ட சட்டத்தை ஒருத்தியும் மீறவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட ஒரு முக்காட்டின் முன்னால் போய், "எரியுது..." என்றாள். குரலில் பழைய சூடு இல்லை.

அந்த முக்காட்டைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு சாராள் வெளியே வந்தாள். "நானா? என்னையா? போன மாசம்தான்டி ஸ்டிக்கர் புதுப்பிச்சேன்!"

முதலில் கடைசி வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஆண்கள் பக்கம். ஞானஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இந்த அழுகை நிஜம். "மாமா சொல்லித்தான் செஞ்சேன். ஃபேனுக்குக் கீழ இருக்கறவ முன்னாடி விழுன்னு சொன்னாரு. செய்யலேன்னா வீட்டை விட்டுத் துரத்திடுவேன்னு சொன்னாரு."

எல்லோரும் மாமாவைத் தேடினார்கள். மேடைக்குப் பின்னால் சின்னக் கதவு திறந்து கிடந்தது. வெளியே ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. நாலைந்து பேர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். தீர்க்கதரிசிக்கு வருங்காலம் தெரியுமோ தெரியாதோ, பின்வாசல் நன்றாகவே தெரிந்திருந்தது.

இத்தோடு கதை முடிந்தது, ஜனங்களுக்குப் புத்தி வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை.

"அப்படின்னா இவதான் சூனியக்காரி!" என்று சாராள் கத்தினாள், தரையில் கிடந்த ஞானஜோதியைக் காட்டி. "நம்ம எல்லாரையும் மயக்கி வெச்சவ இவதான்! ஐயாவையும் இவதான் கெடுத்திருக்கா!" உடனே, "ஆமா! இவதான்! பார்த்தாலே தெரியுதே!" என்று நாலு பக்கமும் குரல் கிளம்பியது. ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினான். ஞானஜோதி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஈவ்லின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றாள். ஜெபராஜும் பக்கத்தில் வந்து நின்றார். சேலை அவிழ்கிற நிலையில் இருந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் நான். இப்ப நீங்க, சாராள் அக்கா. அடுத்த நிமிஷமே இவ. நாளைக்கு யாரு?" என்றாள் ஈவ்லின். "போடுறதா இருந்தா அந்த நாற்காலியைக் கீழ போடுங்க தம்பி, உக்காருங்க. கொஞ்ச நேரம் உக்காந்து யோசிங்க."

"ராத்திரியில என் பொண்டாட்டி என் பக்கத்துலதான் படுத்திருந்தா" என்றார் ஜெபராஜ், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி. "உடம்பு, உருவம் எல்லாம் சேர்த்துத்தான். புதன்கிழமையே சொல்லியிருக்கணும். சொல்லல."

ஈவ்லின் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நழுவிக்கொண்டிருந்த அவருடைய கொசுவத்தை மட்டும் இறுக்கிச் செருகிவிட்டாள்.

நாற்காலி தரைக்கு இறங்கியது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகும் பெருங்களத்தூர்ப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி நின்றாள். கையில் மகனுடைய போட்டோ. அவனுக்கு வேலை போய்விட்டதாம். யார் வைத்த வினை என்று தெரிந்துகொள்ள முதல் ரயிலைப் பிடித்து வந்தவள்.

"சார், அப்போ என் பையனுக்கு யாருதான் செஞ்சது?"

"யாரும் செய்யலம்மா. கம்பெனியில ஆளைக் குறைச்சிருப்பாங்க."

"யாருமே செய்யலையா?"

"யாருமே இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. நல்ல செய்தி சொன்னதாக நினைத்த ஜெபராஜுக்கு அது ஏன் என்று புரியவில்லை. யாரோ ஒருத்தியைக் காட்டியிருந்தால் அவள் தெம்பாக ஊர் திரும்பியிருப்பாள். நமக்கு யாரும் செய்வினை வைக்கவில்லை என்பதைத் தாங்கிக்கொள்ளத்தான் மனிதனுக்கு மூளை தேவைப்படுகிறது. மற்றதற்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி போதும்.